மூன்றாவது அடுப்பு

"பத்திக்க மாட்டேங்குதுக்கா!"

சின்னவள் மறுபடியும் லைட்டரைத் தட்டினாள். இரவல் அடுப்புக்கு ரோஷம் அதிகம் போலிருக்கிறது. புஸ்ஸென்று மூச்சு விட்டதே தவிர, தீ வருகிற வழியைக் காணோம்.

"தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். குமிழைத் திருப்பினாள், அடுப்பை ஒரு தட்டுத் தட்டினாள். குப்பென்று பற்றிக்கொண்டது. எழுந்தவள் ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இந்த வீட்டின் கூத்தைப் போன வாரமே பார்த்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரியவளும் சின்னவளும் இந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள். தெருக்கோடியில் சர்ச் நடத்துகிற தண்ணீர் நிலையத்தில் பெரியவளுக்கு வேலை. கேன் கழுவ வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், மூடி போட வேண்டும். அந்த நிலையம் வருவதற்கு முன்னால் இந்தத் தெருவில் குழாயைத் திறந்தால் மஞ்சளாகத்தான் கொட்டும். பாதித் தெரு காமாலையில் படுத்தது. சின்னவளின் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தது. இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதியில் சர்ச் இரண்டாவது நிலையம் திறக்கிறது. அங்கே நின்று குடம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் தேவை. அந்த வேலை தனக்கு வேண்டும் என்கிறாள் சின்னவள். கிடைக்காவிட்டால் புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அம்மா ஊருக்கே போய்விடுவாளாம். பேச்சோடு நிற்கவில்லை, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டாள்.

ஆனால் சர்ச்சில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓர் அடுப்புக்கு, அதாவது தனியாகச் சமைக்கிற ஒரு குடும்பத்துக்கு, ஒரு வேலைதான். இருப்பதோ கொஞ்சம் வேலை, கேட்பதோ ஊர்ப்பட்ட வீடுகள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

பெரியவள் யோசித்தாள், ஒரு வழி கண்டுபிடித்தாள். குடும்பம் பிரியாமல் இருக்க வேண்டுமானால் குடும்பத்தைப் பிரித்துக் காட்டிவிடுவது. ஒரே ஒரு நாளைக்கு. அந்த நாள் இன்றைக்குத்தான். வேலை கொடுக்கிற பொறுப்பில் இருக்கும் பாஸ்டரம்மா மதியத்துக்குள் வீடு பார்க்க வருகிறார்.

"கேட்டா என்ன சொல்லுவ?"

"இடம் பத்தல, அதனால போன வருஷத்துலேர்ந்து தனித்தனியா சமைக்கிறோம்."

"அழுத மூஞ்சியா சொல்லாத. தனிக்குடித்தனம் போனவ மாதிரி தெம்பா சொல்லு."

"சர்ச் ஆளுங்ககிட்டயே பொய் சொல்றோமே. பாவம் இல்லையாக்கா?"

"பாவத்தை நான் பார்த்துக்கிறேன். நீ அடுப்பைப் பாரு."

நடுவீட்டில் உளிச் சத்தம் கேட்டது. மாமனார் இன்னும் வேலையை முடித்தபாடில்லை. மனிதர் மரவேலைக்காரர். தெருவில் அவருக்கு 'ரம்பம்' என்று பெயர். தொழிலும் அதுதான், பேச்சும் அதுதான். கையில் வேலை நின்று போனதிலிருந்து பேச்சு மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. ஹாலை இரண்டாகத் தடுக்க நாலு பலகையைச் சும்மா சாய்த்து வையுங்கள் மாமா என்று பெரியவள் கேட்டாள். அவர் சட்டம் கட்டி, பலகை இழைத்து, கதவு வைத்து, கதவுக்குக் கொண்டியும் போட்டுவிட்டார்.

"ஒரு கோட் வார்னிஷ் அடிச்சிடவாம்மா?"

"மாமா! நாளைக்குப் பிரிக்கப் போற தடுப்பு இது!"

"பிரிக்கப் போறதா இருந்தாலும் பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா? மரம்னா என்னன்னு நெனச்ச? ஒரு தடவை நான்..."

அவர் ஆரம்பித்துவிட்டார். பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

---

தண்ணீர் நிலையத்தில் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. நீலக் கேன்கள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. பெரியவள் ஒவ்வொன்றாக எடுத்து, நீளக்கம்புப் பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் பாசி பச்சையாக ஒரு கீற்றுத் தெரிந்தாலும் திரும்பக் கழுவ வேண்டும். மற்ற நாட்களில் அவள் கை தானாக ஓடும். இன்றைக்குக் கழுவின கேனையே மறுபடி கழுவினாள். ஒரு கேனுக்குத் தண்ணீர் பிடிக்காமலேயே மூடியைப் போட்டு அழுத்தினாள்.

"என்னம்மா, காத்தை அடைச்சு விக்கப் போறியா?"

சூப்பர்வைசர். சட்டைப்பையில் பேனா வைப்பது போல் தண்ணீர் சோதிக்கும் கருவியைச் சொருகி வைத்திருப்பார். தொட்டித் தண்ணீரில் மட்டுமில்லை, டீக்கடைத் தண்ணீரிலும் அதை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதனால் மீட்டர் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"தூக்கம் வரல சார்."

"உங்க வீட்டுக்கு இன்னைக்குத்தானே பாஸ்டரம்மா வர்றாங்க? உனக்கென்ன பயம்? நேத்து நம்ம கேன் வண்டிக்காரர் வீட்டுலதான் மானம் போச்சு."

பெரியவள் பிரஷை நிறுத்தினாள்.

"அவரும் அவர் தம்பியும் தனித்தனி அடுப்புன்னு சொன்னாங்க. பாஸ்டரம்மா ஒண்ணும் பேசல. ரெண்டாவது அடுப்பு மேல கையை வெச்சாங்க. சில்லுனு இருந்துச்சு. பர்னர்ல ஒட்டடை!"

"அப்போ புது வேலை குடுக்கலையா?"

"புது வேலையா? அண்ணன்காரர் ஏற்கெனவே கேன் வண்டி ஓட்டிட்டிருந்தாரே, அதுவும் போச்சு. ஏமாத்தினா ரெண்டும் போகும்னு அந்தம்மா முதல்லயே சொல்லியிருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. சின்னவளுக்கு ஒரு வேலை வாங்கித் தரப் போய், கையில் இருக்கிற வேலையும் போய்விட்டால்? சின்னவள் பெட்டியோடு கிளம்புவாள், தான் வெறுங்கையோடு வீட்டில் நிற்க வேண்டியதுதான். புருஷன் பெயிண்டர், மழை பிடித்துக்கொண்டால் அவனுக்கும் வேலை கிடையாது.

தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிப் போனை எடுத்தாள்.

"சின்னவளே, ரெண்டு அடுப்பும் எரியட்டும். ரெண்டுலயும் சமை. அணைக்காத."

"ரெண்டுலயும் என்னக்கா சமைக்கிறது? இருக்கிறதே ஒரு வேளைக்குத்தான்."

"வெந்நீராவது வை. ரெண்டும் சூடா இருக்கணும். நான் இப்பவே வரேன்."

மீட்டர் சாரிடம் தலைவலி என்றாள். அவர் கருவியை எடுத்து அவளுக்கே காய்ச்சல் பார்ப்பவர் போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போ என்றார்.

---

அவள் வீட்டுப் படியேறுவதற்கும் பாஸ்டரம்மா தெருமுனையில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

பாஸ்டரம்மா உயரமானவர். துணிப்பையும் குடையுமாக, வெயிலில் நடந்தே வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் இந்தப் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தடுப்பின் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போய் அங்கேயும் ஒரு டம்ளர் கேட்டுக் குடித்தார். கையை அடுப்பில் வைக்கவில்லை. ஆவி பறந்ததைப் பார்த்தாலே போதுமே.

"நல்ல தடுப்பு" என்று பலகையைத் தடவினார்.

மூலையில் இழைப்புளியோடு நின்றிருந்த மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனவரைப் பெரியவள் கண்ணாலேயே அடக்கினாள்.

"சரி, நீ சொல்லும்மா" என்று பாஸ்டரம்மா சின்னவள் பக்கம் திரும்பினார். "ஏன் தனியாப் போனீங்க?"

இடம் பத்தல. ரெண்டே வார்த்தை. காலையிலிருந்து பாடம் பண்ணின ரெண்டு வார்த்தை.

சின்னவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா வேலைக்குப் போயிடுவாங்கம்மா. சமையல், துணி, பாத்திரம், குழந்தை எல்லாம் என் தலையில. நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. ஆனா சாயங்காலம் வந்து உட்கார்ந்தா அவங்க வேலை செஞ்ச கதைதான் எல்லாரும் கேட்பாங்க. நான் என்ன செஞ்சேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. என் அடுப்புன்னு ஒண்ணு இருந்தா, அதுல நான் சமைச்சதுன்னாவது சொல்லிக்கலாம்ல?"

பெரியவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நடிக்கிறாளா? நடிப்பாக இருந்தால் இவளைப் போல நடிகை கிடையாது. நடிப்பு இல்லையென்றால்? வேலை விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்த அத்தனை சாயங்காலமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. தட்டு தானாக வந்ததே, யார் வைத்தது என்று என்றைக்காவது பார்த்தாளா?

பாஸ்டரம்மா தலையசைத்தார். கிளம்பப் போகிற மாதிரி குடையைக் கையில் எடுத்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

"பெரியவர் எந்த அடுப்புல சாப்பிடுறார்?"

இதை யாரும் பாடம் பண்ணவில்லை. அடுப்பைப் பிரித்தாகிவிட்டது, ஹாலைப் பிரித்தாகிவிட்டது, பாய் தலையணை எல்லாம் பங்கு போட்டாகிவிட்டது. மாமனார் எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

"அவங்ககிட்ட" என்றாள் பெரியவள்.

"அவங்ககிட்ட" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். இரண்டு கையும் எதிர்ப்பக்கம் நீண்டிருந்தன.

பாஸ்டரம்மா இருவரையும் பார்க்கவில்லை. மூலையில் நின்றவரைப் பார்த்தார்.

மாமனார் இழைப்புளியை மெதுவாகக் கீழே வைத்தார். தோளில் ஒட்டியிருந்த மரச்சீவலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"ரெண்டு பக்கமும் இல்லம்மா" என்றார் கடைசியில். "நான் தனி அடுப்பு."

"மாமா!" என்று பதறினாள் பெரியவள்.

"நீ இரும்மா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல." அவர் பாஸ்டரம்மா பக்கம் திரும்பினார். "ஓர் அடுப்புக்கு ஒரு வேலைன்னுதானே சட்டம்? அப்போ எனக்கும் ஒண்ணு கேட்கலாமா?"

"உங்களுக்கா?"

"ஏன், கூடாதா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடம் வைக்க மேடை கிடையாதுன்னு கேள்விப்பட்டேன். பொம்பளைங்க குனிஞ்சு குனிஞ்சு எடுத்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? நான் மேடை போட்டுத் தரேன். அப்புறம் அங்கயே உட்கார்ந்து குடத்தை நிரப்பிக் குடுக்கிறேன். வரிசையில சண்டை வந்தாலும் கவலையில்ல. நான் பேச ஆரம்பிச்சா எப்பேர்ப்பட்ட கூட்டமும் கலைஞ்சிடும்."

பாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனாரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் அவர் விடவில்லை.

"வேடிக்கைக்குச் சொல்லலம்மா. கை சும்மா இருக்க முடியல. இந்தத் தடுப்பு போட்ட மூணு நாளும் நல்லாத் தூங்கினேன்."

"உங்க அடுப்பு எங்க இருக்கு?"

"இன்னும் போடல. சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவேன்."

பாஸ்டரம்மா கிளம்பினார். வாசல் வரைக்கும் கூடவே வந்த பெரியவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு அடுப்பைப் பார்த்தா ஓரளவு புரியும். இந்த வீட்டுல எது நிஜம், எது எனக்காகப் பண்ணினதுன்னுதான் புரியல. நாளைக்குக் காலையில திரும்ப வரேன். வேலை ஒண்ணுதான் இருக்கு. அதுக்குள்ள நீங்களே பேசி முடிச்சு, உள்ளதைச் சொல்லுங்க."

குடை தெருமுனையில் மறைகிற வரைக்கும் பெரியவள் வாசலிலேயே நின்றாள்.

---

"என்னடி பேச்சு பேசின நீ?"

"நீங்க மட்டும்? மாமாவை எதுக்கு என் பக்கம் தள்ளினீங்க?"

"தள்ளினேனா! உன் பக்கம் ஆள் அதிகமா இருந்தா உனக்குத்தான் வேலை குடுப்பாங்கன்னு சொன்னேன். உனக்காகத்தான்டி சொன்னேன்!"

"நானும் உங்களுக்காகத்தான் சொன்னேன். மாமனாரை வெச்சுப் பார்த்துக்கிறது மூத்தவங்கன்னு நாலு பேர் சொல்வாங்களே, அந்த மரியாதை உங்களுக்கு இருக்கட்டும்னு..."

யோசித்துப் பார்த்தால் இரண்டும் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மூலையில் நின்றவர் காதில் விழுந்தது எண்ணமா? எனக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்பதுதானே விழுந்தது.

"நீ முதல்ல சொன்னியே" என்று பெரியவள் இழுத்தாள். "அடுப்பு பத்தி. அது..."

"விடுங்கக்கா."

"நிஜமா?"

சின்னவள் வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கினாள். இரவல் அடுப்பை அணைக்கவில்லை. அதில் குழந்தைக்குப் பால் வைத்தாள். பழைய அடுப்பு காலியாகத்தான் இருந்தது, இருந்தும் இதில் வைத்தாள். பெரியவள் அதைப் பார்த்தாள். மறுபடி கேட்பதற்குத் தைரியம் வரவில்லை.

அதற்குள் பின்பக்கமிருந்து புகை வந்தது.

மாடிப்படிக்குக் கீழே மாமனார் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு போட்டிருந்தார். தடுப்பு இழைத்த சீவல்தான் விறகு. எங்கிருந்தோ ஒரு நசுங்கின பாத்திரத்தைப் பிடித்து உலை வைத்திருந்தார். ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தது. சமையல் என்று ஒன்றை அவர் அந்த வீட்டில் செய்து யாரும் பார்த்ததில்லை; அரிசி அளவு தெரியாமல் பொங்கி வழிந்து, பாதி அடிப்பிடித்து, வாசனையே ஊரைக் கூட்டியது.

பெரியவள் ஓடிப்போய்த் தட்டில் சாப்பாடு போட்டு எடுத்து வந்தாள். சின்னவளும் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இன்னொரு தட்டோடு வந்தாள்.

"மாமா, எழுந்திரிங்க. வந்து சாப்பிடுங்க."

"வேண்டாம்மா. வெந்துட்டிருக்கு."

"மாமா, நாங்க வேணும்னு சொல்லல. அந்த நேரத்துக்கு வாய்ல வந்ததைச் சொல்லிட்டோம். என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க, ஆனா இப்படிப் பண்ணாதீங்க" என்றாள் பெரியவள்.

"எதுக்குத் திட்டணும்?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் போலப் பார்த்தார். "கோபம் ஒண்ணும் இல்லம்மா. தனி அடுப்புன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேன். இப்போ உங்க தட்டுல சாப்பிட்டா நான் சொன்னது பொய்யாயிடும்ல? நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்றது?"

"வேலை எனக்கு வேண்டாம் மாமா, நீங்களே எடுத்துக்குங்க" என்றாள் சின்னவள். "உள்ள வாங்க."

"எனக்காக விட்டுக் குடுக்காதம்மா. அந்தம்மா பார்த்து யாருக்குக் குடுக்கிறாங்களோ குடுக்கட்டும்."

"யாருக்குக் கிடைச்சாலும்... அதுக்கப்புறம் உள்ள வந்துடுவீங்கல்ல மாமா?" என்று பெரியவள் கேட்டாள்.

அவர் கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார்.

கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் பெரியவள் காலில் விழுந்திருப்பாள். அழுதிருந்தால் அவளும் சேர்ந்து அழுதிருப்பாள். ஆனால் இந்த வீட்டைக் கட்டி, இதன் ஒவ்வொரு கதவையும் தன் கையால் வைத்த மனிதர், சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் மாதிரி கூச்சத்தோடு கேட்டார்.

"உப்பு போட மறந்துட்டேன். ஒரு கை உப்பு இருந்தாக் குடும்மா. கடையில வாங்கினதும் நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."